தங்கவயலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், கர்நாடகத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்பதுதான். சொந்த ஊரில் பாட்டி வீட்டில் பத்து நாள் இருந்தது போக, மீதி நாட்களுக்கு ஒரு பட்டியல் தயாராகவே இருக்கும். மைசூர் அரண்மனை, பிருந்தாவனம், உதகை, குடகு என்று அது நீளும். அந்த இடங்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. போய் வர வேண்டியவைதான். ஆனால் பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. அதுவே கோலார் தங்கவயல். பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்த தமிழர்கள் தம் கையால் எழுப்பிய முதல் பெரிய தொழில் நகரங்களில் ஒன்று அது. வெளியூரில் வாழும் தமிழ்க் குழந்தை அவசியம் பார்க்க வேண்டிய ஊர்களில் தங்கவயலுக்கு முதலிடம் தரலாம் என்பது என் கருத்து.

"அங்கே என்ன இருக்கிறது? சுரங்கத்தைத்தான் மூடிவிட்டார்களே!" என்று கேட்பார்கள். உண்மைதான். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதன்பின் அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டு காரணங்களுக்காகவே போகிறார்கள். ஒன்று, கம்மசந்திராவில் உள்ள கோடிலிங்கேசுவரர் கோயில். 108 அடி உயர லிங்கத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். மற்றொன்று, 2018லும் 2022லும் வந்த கன்னடத் திரைப்படங்கள். அந்தப் படத்தில் வந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டு இளைஞர்கள் வருகிறார்கள். 2024ல் வெளியான 'தங்கலான்' என்ற தமிழ்ப் படமும் தங்கவயலின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. படம் பார்த்துவிட்டு ஊரைத் தேடி வருவதில் தவறில்லை. ஆனால் கதையில் வரும் ஊரைத் தேடி வந்தவர்கள், உண்மையில் இருந்த ஊரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

முதலில், போகும் வழியைப் பற்றிச் சொல்கிறேன். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இரயிலைத்தான் சொல்வான் என்று நினைக்க வேண்டாம். தங்கவயலைப் புரிந்துகொள்ள இரயிலே சிறந்த வழி. பங்காருப்பேட்டை சந்திப்பிலிருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து சுமார் 16 கிலோமீட்டர் ஓடி மாரிக்குப்பத்தில் முடிகிறது. பங்காருப்பேட்டையின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. மைசூரின் ஆணையராக 1862 முதல் 1870 வரை இருந்த பௌரிங் துரையின் பெயரால் வந்தது. சுரங்கத்துக்கு இயந்திரங்களும் நிலக்கரியும் கொண்டு செல்வதற்காகவே 1894ல் இந்தக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. பாதையில் வரும் நிலையங்களின் பெயர்களைக் குழந்தைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம். இவற்றில் பல சுரங்கங்களின் பெயர்கள். ஊருக்காகச் சுரங்கம் வந்ததா, சுரங்கத்துக்காக ஊர் வந்ததா என்ற கேள்விக்கு அந்தப் பலகைகளே விடை சொல்லிவிடும்.

இதே பாதையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். நீங்கள் காலையில் தங்கவயலை நோக்கிப் போகும்போது, எதிர்த் திசையில் பெங்களூருக்குப் போகும் வண்டிகளில் நிற்கக்கூட இடமிருக்காது. சுரங்கம் மூடியபின், ஆயிரக்கணக்கான தங்கவயல்வாசிகள் விடியுமுன் எழுந்து, சாப்பாட்டுத் தூக்கோடு பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். தாத்தா கேஜில் ஏறி நிலத்துக்கு அடியில் இறங்கினார். பேரன் இரயில் ஏறிப் பெங்களூர் போகிறான். நம் அலுவலகங்களில், மருத்துவமனைகளில், கடைகளில் நம்மோடு வேலை செய்கிறவர்களில் பலர் இந்த வண்டிகளில் வந்தவர்களே.

இனி ஊரின் கதைக்கு வருவோம். இப்பகுதியில் மக்கள் பழங்காலம் தொட்டே மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்தார்கள். நில அளவைப் பணிக்கு வந்த ஜான் வாரன் என்ற அதிகாரி 1802ல் அதை நேரில் பார்த்து எழுதி வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, பெங்களூரில் ஓய்வில் இருந்த மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, 1873ல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தோண்ட ஆரம்பித்தார். அவரிடம் போதிய பணம் இல்லை. 1880ல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தபிறகே தங்கம் பெருமளவில் கிடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து கைதேர்ந்த சுரங்க வல்லுநர்கள் வந்தார்கள். இத்தாலியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் வந்தார்கள்.

ஆனால் பாறையைக் குடைந்தவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள். சித்தூர்ப் பகுதியிலிருந்து வந்த தெலுங்கர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாத, சேரிக்கு வெளியே தலைநிமிர்ந்து நடக்க முடியாத ஒடுக்கப்பட்ட மக்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் அவர்களை மேற்கே துரத்தின. இங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வேய்ந்த லைன் வீடுகள்தான். ஆனாலும் கூலி கையில் பணமாகக் கிடைத்தது. ஆண்டையின் களத்துமேட்டில் நிற்க வேண்டியதில்லை. அந்த ஒரு வேறுபாட்டுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கீழே இறங்கினார்கள்.

எவ்வளவு கீழே? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது விளங்கியது. குழந்தைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அதை ஒன்றன்மேல் ஒன்றாக ஐம்பதுக்குச் சற்றுக் குறைய அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். மேலேயிருந்து குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தினால்தான் மனிதன் நிற்க முடியும். மேலிருக்கும் பாறையின் பளு தாங்காமல் கீழே பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அப்போது மேலே வீடுகளும் அதிரும். வேலைக்குப் போனவர் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை அந்த வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி ஏது? இந்தப் பாறை வெடிப்பை ஆராய்ந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகத்தான் 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது.

ஊரில் என்ன பார்ப்பது என்பதற்கு வருகிறேன். இரும்புக் கோபுரங்களைப் பாருங்கள். ஆளையும் பாறையையும் ஏற்றி இறக்கிய சக்கரங்கள் அவற்றின் உச்சியில்தான் சுழன்றன. மூடிய சுரங்க வாய்களுக்கு அருகே போகக் கூடாது. அது பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் இடம், அனுமதி வேண்டும், ஆபத்தும் உண்டு. சாலையில் நின்று பார்த்தாலே போதும். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் நடந்து, ஊர்காம் பக்கம் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்கள், தேவாலயங்கள், கிளப் இவற்றைப் பாருங்கள். "குட்டி இங்கிலாந்து" என்று துரைமார் இவ்வூரை அழைத்தார்கள். பிறகு அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள தொழிலாளர் லைன்களையும் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு, காலனி ஆட்சி என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தின் கதையும் இங்கே உண்டு. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902ல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின் கம்பித் தடங்களில் அதுவும் ஒன்று. திவானாக இருந்த சேஷாத்திரி ஐயர் காலத்தில் உருவான திட்டம் அது. பெங்களூர் வீதிகளுக்கு மின்விளக்கு வந்தது 1905ல்தான். அதாவது தலைநகருக்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. காரணம் எளிது. துரைமாருக்கு அன்று வேண்டியிருந்தது வெளிச்சத்தைக் காட்டிலும் தங்கம்.

அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்களையெல்லாம் தடுத்து நிறுத்த வேண்டுமானால் மேலே கனத்த பாறைக் கூரை வேண்டும். அதைத் துளைத்துக்கொண்டு வரக்கூடியது நியூட்ரினோ என்னும் துகள் ஒன்றுதான். மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, இங்கே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965ல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே முதன்முதலாக அதைக் கண்டவர்களின் வரிசையில் தங்கவயலின் பெயர் நிற்கிறது. அந்தக் கருவிகளை வைக்க இடம் குடைந்து தந்தவர்கள் நம் தொழிலாளர்கள். அறிவியல் வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் குடைந்த இடத்தில்தான் அந்த ஆராய்ச்சி நடந்தது என்பதையாவது நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

தமிழுக்கும் இவ்வூர் செய்த தொண்டு பலருக்குத் தெரியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914ல் மறைந்தபின் தொடர்ந்து நடக்க முடியாமல் தடைப்பட்டது. அதை 1926 முதல் சில ஆண்டுகள் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இயங்கின. பகலெல்லாம் பாறை குடைந்தவர்கள் மாலையில் கூடி இதழ் வாசித்தார்கள், சாதி ஒழிய வேண்டும் என்று பேசினார்கள். 1930ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, "நாங்கள் திருடர்களா?" என்று அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வைவிட மானத்தைப் பெரிதாக நினைத்து நடந்த போராட்டம் அது. வெளியூரில் தமிழ்ச் சங்கம் வைத்து இதழ் நடத்தும் நாம், நூறாண்டுக்கு முன் நமக்கு முன்னோடியாக இருந்தவர்கள் யார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சயனைடு மலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய சாம்பல் நிறக் கழிவு மணலைக் குன்று குன்றாகக் குவித்தார்கள். அப்படிப் பதின்மூன்று மேடுகள், சுமார் மூன்று கோடியே முப்பது இலட்சம் டன். மாலை வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. எத்தனையோ சினிமாப் பாடல்கள் அங்கே எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதைப் பொழுதுபோக்கு மலையாக எண்ணிப் பிள்ளைகளைச் சறுக்கி விளையாட விடாதீர்கள். கோடைக் காற்றில் அந்த நுண்மணல் பறந்து வீடுகளில் படிகிறது. சோற்றுப் பானையை மூடி வைத்தே பழகிய ஊர் அது.

அந்தத் தூசுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் என்ற நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934ல் அறிவிக்கப்பட்டது இந்தச் சுரங்கங்களிலிருந்துதான். 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் தங்கவயல் தந்த தங்கம் சுமார் 800 டன் என்கிறார்கள். தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. தூசு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. இதை நினைத்துக்கொண்டு அந்த மேடுகளைப் பார்த்தால், அதன் முன் நின்று சிரித்துப் படம் எடுக்கக் கை சற்றுத் தயங்கும்.

"குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் இத்தனை சோகத்தையா காட்டுவது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் இரண்டு நாள் திட்டம் சொல்கிறேன். முதல் நாள் முழுவதும் ஊருக்கு. இரண்டாம் நாள் சுற்றுப்புறத்துக்கு.

தங்கவயலுக்கு அருகே பெத்தமங்கலம் ஏரி இருக்கிறது. பாலாற்றின் தண்ணீர் தேங்கும் ஏரி அது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் மாவட்டத்தின் வழியே வந்து, பின்னர் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறதே, அதே பாலாறு. தங்கவயலுக்குக் குடிநீர் பெத்தமங்கலத்திலிருந்துதான் கொண்டு வரப்பட்டது. வட ஆற்காட்டுப் பாலாற்றுக் கரையிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இங்கேயும் அதே ஆற்றின் தண்ணீரைத்தான் குடித்தார்கள். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஏரிக்கரையில் நிற்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பெத்தபள்ளி அருகே உள்ள எரிமலைப் பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைப் பட்டை இது. இந்தப் பாறைகள் உருவான கதையோடு சேர்ந்ததுதான் தங்கத்தின் கதையும். தனியே பார்த்தால் சாதாரணக் கருங்கல் போலத்தான் இருக்கும். வயதைச் சொன்னால் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.

பிறகு ஆவணி மலை. இராமாயணத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் தலம். லவனும் குசனும் பிறந்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. அடிவாரத்தில் பத்தாம் நூற்றாண்டு அளவில் நுளம்பர் எழுப்பிய இராமலிங்கேசுவரர் கோயில் தொகுதி அமைதியாக இருக்கிறது. நேரம் இருந்தால் கோலாருக்கும் போகலாம். குவளாலபுரம் என்ற பெயரில் கங்கர்களின் தலைநகராக இருந்த ஊர் அது. சோழர் ஆட்சியில் இப்பகுதிக்கு நிகரிலிச்சோழ மண்டலம் என்று பெயர். அங்குள்ள கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தேளுக்கு அதிதேவதையான அம்மனும் அதே கோயிலில் இருப்பதால் பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவும் இருக்கும். குட்டஹள்ளியில் உள்ள பங்காரு திருப்பதிக்கும் போகலாம். கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கும் போகலாம். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதோடு நின்றுவிட வேண்டாம் என்கிறேன். மே மாதமானால் சீனிவாசபுரத்து மாம்பழம் வழியெங்கும் கிடைக்கும். திரும்பும்போது பங்காருப்பேட்டையில் தெளிந்த நீர் ஊற்றித் தரும் பானிபூரியைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு செய்தியை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். தங்கவயலைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் நம் சங்கத்திலும் பல உண்டு. அவர்களில் சிலர், "எந்த ஊர்?" என்று கேட்டால் "பெங்களூர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். தங்கவயல் என்றால் அடுத்து எந்த லைன் என்று கேட்பார்கள், அதற்கடுத்து என்ன சாதி என்று மனத்துக்குள் கணக்குப் போடுவார்கள் என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் காரணம் அல்லர். அப்படிக் கணக்குப் போடுகிற மற்றவர்களே காரணம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நின்று உழைத்தவரின் பேரன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குவது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. மற்ற ஊர்க்காரர்கள் மரியாதையோடு தங்கவயலைத் தேடிப் போகத் தொடங்கினால், அந்த ஊர்க்காரரும் தம் ஊர்ப் பெயரை நிமிர்ந்து சொல்லும் நாள் வரும். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய முதற்காரணம் இதுதான்.

அதே நேரத்தில் இன்னொன்று. தங்கவயல் தமிழர் உழைத்த ஊர் என்று சொல்வது, அது தமிழருக்கு மட்டும் உரிய ஊர் என்று சொல்வதாகாது. கன்னட மண்ணில், கன்னடரோடும் தெலுங்கரோடும் இசுலாமியரோடும் ஆங்கிலோ இந்தியரோடும் கலந்து வாழ்ந்த ஊர் அது. ஒரே தெருவில் நான்கு மொழி பேசிப் பழகியவர்கள் அவ்வூர் மக்கள். அங்கே போய் மொழிச் சண்டைக்கு விதை போடாமல், சேர்ந்து வாழ்ந்த கதையைக் கேட்டு வருவதே நமக்கு நல்லது.

இப்போது போக வேண்டும் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கழிவு மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. அதனால் வேலைவாய்ப்பு வருமானால் மகிழ்ச்சியே. தூசு குறையுமானால் இரட்டிப்பு மகிழ்ச்சி. ஆனால் ஊரின் முகம் மாறிவிடும். அதைவிட விரைவாக மறைந்துவருவது மனிதர்கள். சுரங்கம் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. கேஜில் இறங்கிய அனுபவத்தைத் தம் வாயால் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைகிறார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பாருங்கள். போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கம் 1978லேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலில் சேர்ந்தது. உலகெங்கிலுமிருந்து மக்கள் அதற்குள் இறங்கிப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்க வளாகம், தங்கவயல் மூடப்பட்ட அதே 2001ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தங்கவயலுக்கு வல்லுநர்களை அனுப்பிய கார்ன்வால் பகுதியின் பழைய சுரங்கங்கள் 2006ல் இடம் பெற்றன. ஒரே தொழிலில் தோள் கொடுத்தவர்களில் ஒரு சாராரின் ஊருக்கு உலக மரியாதை. இன்னொரு சாராரின் ஊரில் முட்புதர். நம் நாட்டால் முடியாத காரியமும் அல்ல. நீலகிரி மலை இரயில் 2005ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நட்டத்தில் ஓடுகிறது என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட மலைப்பாதை, மக்கள் விரும்பிப் போனதால்தான் நிலைத்தது. மக்கள் தேடிப் போகும் இடத்தை அரசும் கவனிக்கும் என்பதற்கு அதுவே சான்று.

எனவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஒரு முறையாவது சங்கத்தின் சார்பில் தங்கவயலுக்குக் குடும்பச் சுற்றுலா ஏற்பாடு செய்ய வேண்டும். சோற்று மூட்டையோடு போய் மர நிழலில் சாப்பிட்டுவிட்டு வருவதாக அது இருக்கக் கூடாது. அவ்வூர்க் கடையில் சாப்பிட்டு, அவ்வூர் ஆட்டோவில் சுற்றி, ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரை உரிய கூலி கொடுத்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை போன ஊருக்கு நம்மால் ஆன சிறு உதவி அது.

இரண்டாவது, அங்குள்ள பெரியவர்களின் அனுபவங்களை நம் இளைஞர்கள் பதிவு செய்ய வேண்டும். இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. சுரங்க வேலைக்கென்றே அவர்களிடம் இருக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்தாலே ஒரு சிறு நூல் வரும். இந்த இதழில் மாதம் ஒருவர் அனுபவமாக அதை வெளியிடலாம்.

மூன்றாவது, பழைய இயந்திரங்களையும் கட்டடங்களையும் காத்து, சுரங்கத்தின் கதையைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் முழுமையான அருங்காட்சியகம் ஒன்று தங்கவயலில் அமைய வேண்டும் என்று, மற்ற மொழிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களின் கழுத்திலும் காதிலும் உள்ள பொன்னில் தங்கவயலின் ஒரு துளி கலந்திருக்கலாம். உருக்கி உருக்கிச் செய்யும் பொருளுக்கு ஊர்ப்பெயர் தெரியாது. அதை வெட்டி எடுத்தவர்களுக்கு ஊரும் பெயரும் உண்டு. இந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அவர்களில் ஒருவரையாவது "ஐயா, நீங்கள் எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். மற்றதை அவர் சொல்லுவார்.